சிகரெட்டுக்கு ஒரு கணக்கு, பீடிக்கு ஒரு கணக்கு

(ஒலிபரப்பான பகுதியின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



தியேட்டர்ல படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வருகிற புகையிலை எதிர்ப்பு விளம்பரம் நம்ம எல்லாருக்கும் கிட்டத்தட்ட மனப்பாடம். படத்துக்குள்ள யாராவது சிகரெட் பற்ற வைத்தால் திரையின் ஓரத்தில் ஒரு எச்சரிக்கை வரியும் வரும். அதைப் பார்த்து சிரிக்கிறோம், மீம் போடுகிறோம். ஆனா உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு. இந்தச் சட்டம், எச்சரிக்கை, அபராதம், வரி இதனாலெல்லாம் நாட்டில் புகைபிடிப்பவர்கள் குறைந்தார்களா?

குறைந்தார்கள் என்பதுதான் பதில். ஆனா எல்லாரும் ஒரே அளவில் குறையவில்லை. சிகரெட் ஒரு மாதிரி குறைந்தது, பீடி வேறு மாதிரி குறைந்தது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

ஒரே புகையிலை, இரண்டு வாழ்க்கை

புகையிலை நம்ம ஊர்ச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. பீஜப்பூரிலிருந்து அக்பரின் அரசவைக்கு அதைக் கொண்டுபோனவர் அசத் பேக் என்ற அதிகாரி. அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617-ல் புகைபிடிக்கத் தடை போட்டார். அதாவது, இந்த நாட்டில் புகைக்கு எதிரான அரசு உத்தரவுக்கு 400 வயசு. அந்தத் தடையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பதும் அதே வரலாறுதான்.

பீடி இவ்வளவு பெரிய தொழிலானது 20-ம் நூற்றாண்டில். குஜராத்தைப் பஞ்சம் வாட்டிய காலத்தில் அங்கிருந்து மத்திய இந்தியாவுக்குப் போன வணிகர்கள், காட்டில் தாராளமாகக் கிடைத்த பீடி இலையில் புகையிலைத் தூளை வைத்துச் சுற்றி விற்கும் தொழிலை விரிவாக்கினார்கள். சுதேசி இயக்கம் வந்தபோது வெளிநாட்டு சிகரெட்டைப் புறக்கணித்தவர்கள் கையில் பீடி வந்து சேர்ந்தது. பீடி மலிவு. அதைச் செய்ய இயந்திரம் வேண்டாம், ஒரு தட்டும் கத்தரியும் நூலும் போதும். சிகரெட் தொழிற்சாலைப் பொருளாக இருந்தது, பீடி வீட்டுத் திண்ணையில் உருவாகும் பொருளாக ஆனது.

இந்த இரண்டும் வேறு வேறு உலகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற எல்லாச் சட்டமும் இந்தப் பிரிவில்தான் வந்து முட்டும்.

1975: முதல் சட்டம் யாரைப் பார்த்துப் பேசியது?

1950-ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வு செய்து வெளியிட்டார்கள். 1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி அதையே அதிகாரபூர்வ அறிக்கையாகச் சொன்னார். அதன் எதிரொலி இங்கே கேட்க இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. 1975-ல் நாடாளுமன்றம் சிகரெட் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிகரெட் பெட்டியிலும் விளம்பரத்திலும் 'சிகரெட் புகைப்பது உடல்நலத்துக்குக் கேடு' என்ற பொருளில் ஒரு வரி போட வேண்டும். அவ்வளவுதான்.

சட்டத்தின் பெயரிலேயே சிகரெட் என்றுதான் இருந்தது. பீடிக்கு அது பொருந்தாது. ஆனா அந்தக் காலத்தில் நாட்டில் அதிகம் பேர் புகைத்தது பீடியைத்தான். ஆக, எச்சரிக்கை வாசகம் படித்தவர்கள் வாங்குகிற பெட்டியில் அச்சானது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளி வாங்கிய பீடிக்கட்டில் ஒன்றும் இல்லை. இந்த நிலை கிட்டத்தட்ட 30 வருஷம் நீடித்தது.

பீடி ஆபத்தில்லாதது என்று நினைத்தார்களா? அப்படி ஒரு நம்பிக்கை பரவலாக இருந்தது. பீடியில் இருக்கும் புகையிலை சிகரெட்டில் இருப்பதில் கால் பங்கு அளவுதான். அதனால் பாதிப்பும் கால் பங்குதான் இருக்கும் என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கு தப்பு என்று காட்டிய முக்கியமான ஆய்வு ஒன்று நம்ம தமிழ்நாட்டில் நடந்தது. சென்னையிலும் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்திலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். வெ. கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோர் செய்த அந்த ஆய்வு 2003-ல் லான்செட் இதழில் வந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. மேற்கத்திய நாட்டில் புகை என்றால் புற்றுநோய், மாரடைப்பு. இங்கே அதோடு காசநோயும் சேருகிறது. காசநோய் யாரைத் தாக்கும்? நெருக்கமான வீட்டில் இருக்கிறவர்களை, சத்தான சாப்பாடு கிடைக்காதவர்களை. பீடி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

2008-ல் பிரபாத் ஜா தலைமையில் நாடு முழுக்க நடந்த ஆய்வு இன்னொரு கணக்கைச் சொன்னது. பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 வருஷ ஆயுளை இழக்கிறார்கள். பீடி பிடிக்கும் பெண்கள் 8 வருஷம். சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 10 வருஷம். 2010-களில் இந்தியாவில் புகையால் இறப்பவர்கள் ஆண்டுக்கு 10 லட்சம் பேர் என்றும் அது கணித்தது.

நீதிமன்றம் முந்திக்கொண்டது

சட்டம் எழுதுகிறவர்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது நீதிமன்றங்கள் ஒரு அடி முன்னால் போய்விட்டன. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பு சொன்னது. பக்கத்தில் நிற்பவனின் மூச்சுக்காற்றைக் கெடுப்பது அவனுடைய வாழும் உரிமையைப் பறிப்பது என்பது அதன் வாதம். 2001 நவம்பரில் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

அதற்கு அப்புறம்தான் 2003-ல் 'கோட்பா' என்று சுருக்கமாகச் சொல்லும் புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்தது. முதல் தடவையாக சிகரெட், பீடி, சுருட்டு, மெல்லும் புகையிலை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்தன. விளம்பரத் தடை, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கத் தடை, பள்ளி கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கத் தடை, பெட்டியில் எச்சரிக்கை. 2004-ல் உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தையும் இந்தியா ஏற்றது.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? நடைமுறைக்கு வர வேண்டுமே. அந்த இடத்தில்தான் 2004 முதல் 2009 வரை மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ் பெயர் வரும். நம்ம ஊர்ல அவரைச் சினிமாவில் சிகரெட் காட்டுவதை எதிர்த்தவராகத்தான் அதிகம் ஞாபகம் வைத்திருக்கிறோம். 'பாபா' படம் வந்த 2002-லிருந்தே அந்தச் சண்டை அவருடைய கட்சி வழியாக நடந்துகொண்டிருந்தது. அமைச்சரான பிறகு திரையில் புகைக்கும் காட்சிக்கே தடை போடப் பார்த்தார். 2009 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காட்சியைத் தடுக்காமல் எச்சரிக்கையைச் சேர்ப்பது என்ற இன்றைய ஏற்பாடு அதற்குப் பிறகு வந்த சமரசம்.

ஆனா சினிமா சண்டையைவிட அதிகப் பலன் தந்தது வேறொன்று. 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று பொது இடங்களில் புகைக்கத் தடை விதிகள் கடுமையாக அமலுக்கு வந்தன. ஆபீஸ், ஓட்டல், பஸ், ரயில் நிலையம் எங்கேயும் கூடாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அடுத்தது பட எச்சரிக்கை. 2006-லேயே விதி வந்தும், பீடித் தொழில் அதிகமுள்ள தொகுதிகளின் எம்.பி.க்களும் தொழில்துறையும் எதிர்த்ததால் திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், படங்களும் மென்மையாகி, 2009 மே 31-ல்தான் கடைக்கு வந்தது.

அந்தப் படத்தை 85 சதவீத அளவுக்குப் பெரிதாக்க வேண்டும் என்ற விதிக்கும் இதே கதைதான். 2015 ஏப்ரலில் வர வேண்டியது, நாடாளுமன்றக் குழு ஒன்று குறுக்கிட்டதால் நின்றது. அந்தக் குழுவின் உறுப்பினர்களில் ஒருவரான அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தா பீடித் தொழிலதிபர். கடைசியில் 2016 ஏப்ரல் 1-ல் அமலானது.

எண்கள் என்ன சொல்கின்றன?

சரி, பலன் என்ன?

1998-க்கும் 2010-க்கும் நடுவில், 15 வயதிலிருந்து 69 வயது வரையுள்ள ஆண்களில் புகைப்பவர்கள் 27 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் குறைந்தார்கள். 12 வருஷத்தில் 3 புள்ளி. மக்கள்தொகை வேகமாக ஏறியதால் விகிதம் குறைந்தாலும் தலைகள் கூடின. அந்தக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. இளைஞர்கள் பீடியை விட்டு சிகரெட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். கையில் காசு கூடியபோது சிகரெட் ஏறுமுகம், பீடி இறங்குமுகம்.

அதற்கு அப்புறம் பாருங்க. உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வு இந்தியாவில் இரண்டு முறை நடந்தது. முதலில் 2009-10-ல், பிறகு 2016-17-ல். ஒவ்வொரு தடவையும் சுமார் 70,000 பேரை வீடு தேடிப்போய்க் கேட்டார்கள். முதல் ஆய்வில் ஆண்களில் 24.3 சதவீதம் பேர் புகைத்தார்கள். இரண்டாவதில் 19 சதவீதம். 7 வருஷத்தில் 5 புள்ளிக்கு மேல். முன்பு இருந்த வேகத்தைவிட மூன்று மடங்கு. பொது இடத் தடை, பட எச்சரிக்கை, தியேட்டர் விளம்பரம், வரி உயர்வு எல்லாம் வந்தது இந்தச் சமயத்தில்தான்.

இதெல்லாம் சட்டத்தால்தான் என்று ஒரே அடியாகச் சொல்ல முடியுமா? முடியாது. படிப்பு கூடியது, ஊர் மாறியது, உடல்நலம் பற்றிய பேச்சு வளர்ந்தது. ஆனா வேறு சில தடயங்களும் இருக்கு. வீட்டுக்குள்ளேயே அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிறவர்கள் 52 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக இறங்கினார்கள். வீட்டுக்குள்ள எந்தச் சட்டமும் போகாது, இல்லையா? பொது இடத்தில் வந்த கட்டுப்பாடு வீட்டுப் பழக்கத்தையும் மாற்றியிருக்கிறது. பெட்டியில் உள்ள எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிடலாமா என்று யோசித்த பீடி பிடிப்பவர்கள் 29 சதவீதத்திலிருந்து 54 சதவீதமானார்கள். எழுத்து சொல்லாததைப் படம் சொல்லியிருக்கிறது.

இப்போ முதலில் சொன்ன வித்தியாசத்துக்கு வருவோம். அந்த 7 வருஷத்தில் சிகரெட் பிடிப்பவர்கள் 5.7 சதவீதத்திலிருந்து 4 ஆனார்கள். பீடி பிடிப்பவர்கள் 9.2-லிருந்து 7.7 ஆனார்கள். அதாவது, சிகரெட்டில் 10 பேரில் 3 பேர் குறைந்தார்கள். பீடியில் 6 பேரில் ஒருவர்தான். முன்னால் ஏறுமுகத்தில் இருந்த சிகரெட் வேகமாக இறங்கியது. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த பீடி மெதுவாகத்தான் இறங்கியது. எச்சரிக்கைப் படம் இரண்டுக்கும் ஒன்றுதான். அபராதம் இரண்டுக்கும் ஒன்றுதான். அப்போ எது வேறு?

விலை

உலகம் முழுக்கப் புகையிலைக் கட்டுப்பாட்டில் பலமான ஆயுதம் எது என்று கேட்டால், ஆய்வாளர்கள் சொல்வது வரிதான். விலை 10 சதவீதம் ஏறினால், வசதியான நாடுகளில் நுகர்வு சுமார் 4 சதவீதம் குறைகிறது. வருமானம் குறைந்த நாடுகளில் 5 சதவீதம்.

இந்தியாவில் அந்த ஆயுதம் சிகரெட் மேல் மட்டும்தான் நன்றாகப் பாய்ந்தது. 2014 பட்ஜெட்டில் சிகரெட் மீதான உற்பத்தி வரியை 11 முதல் 72 சதவீதம் வரை ஏற்றினார்கள். 2016 பட்ஜெட்டில் புகையிலைப் பொருட்களுக்கு வரி 10 முதல் 15 சதவீதம் உயர்வு என்று அறிவித்தபோது கூடவே வந்த இரண்டு சொற்கள்: 'பீடி தவிர'. அந்த இரண்டு சொற்களுக்குள் மொத்தக் கதையும் இருக்கு.

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பீடிக்கும் 28 சதவீதம் போட்டார்கள். ஆனா சிகரெட்டுக்கு அதன் மேல் கூடுதலாகச் செஸ் போட்டார்கள், பீடிக்குப் போடவில்லை. 100 ரூபாய் சரக்குக்கு 28 ரூபாய் வரி என்றால், 128 ரூபாயில் வரியின் பங்கு சுமார் 22 சதவீதம். உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் அளவு 75 சதவீதம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டை 40 சதவீதப் பட்டியலில் வைத்துவிட்டு, பீடியை 28-லிருந்து 18-க்கு இறக்க முடிவு செய்தது. அந்தக் கணக்கில் வரியின் பங்கு 15 சதவீதம்தான்.

இதில் வேதனை என்னவென்றால், விலை ஏறினால் அதிகம் விடக்கூடியவர்கள் பீடி பிடிப்பவர்கள்தான். பொருளாதார ஆய்வாளர் ரிஜோ ஜான் 2008-ல் வெளியிட்ட கணக்குப்படி, பீடி விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு சுமார் 9 சதவீதம் குறையும். சிகரெட்டில் அந்த அளவுக்குக் குறையாது. மருந்து அதிகம் வேலை செய்யக்கூடிய இடத்தில் குறைவாகக் கொடுத்திருக்கிறோம்.

பீடி சுற்றும் கைகள்

ஏன் இப்படி? தொழிலதிபர்களின் செல்வாக்கு ஒரு காரணம். ஆனா அது மட்டும்தான் என்று சொன்னால் அது பாதி உண்மை.

நாட்டில் பீடி சுற்றுகிறவர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்பது அரசு சொல்லும் கணக்கு. பெரும்பாலோர் பெண்கள், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள். நம்ம திருநெல்வேலி, தென்காசிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் போனால், மடியில் தட்டை வைத்து இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டுகிற அக்காக்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நாள் முழுக்கத் தூளைச் சுவாசிக்கிறவர்களும் அவர்கள்தான்.

1966-ல் பீடித் தொழிலாளர்களுக்கு என்று தனிச் சட்டம் வந்தது. 1976-ல் நல நிதி வந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, வீடு, முக்கூடலில் இருப்பது போன்ற மருத்துவமனைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அந்த நிதிக்குப் பணம் பீடி மேல் போட்ட செஸ்ஸிலிருந்து வந்தது. பீடி எவ்வளவு சுற்றப்படுகிறதோ அவ்வளவு நிதி. பீடியால் வரும் நோய்க்கு ஒரு அமைச்சகம் போராட, பீடி சுற்றுகிறவர் நலனுக்கு இன்னொரு அமைச்சகம் பீடியையே நம்பியிருந்தது. 2017-ல் ஜிஎஸ்டியோடு அந்த செஸ்ஸும் போனது.

ஒவ்வொரு தடவை வரி உயர்வு பேச்சு வரும்போதும் இந்தப் பெண்களின் பிழைப்பைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆனா வரியை ஏற்றாமல் இருந்த இத்தனை வருஷத்தில் அவர்கள் கூலி உயர்ந்து வாழ்க்கை மாறியதா? மலிவான பீடி வேண்டுமென்றால் மலிவான கூலியும் வேண்டும். விலை ஏறாமல் இருந்ததன் லாபம் அந்தத் தட்டுக்கு வந்து சேரவில்லை.

இதற்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டால், பக்கத்து மாநிலத்தில் ஒரு உதாரணம் இருக்கு. 1966 சட்டத்தைக் கேரள அரசு அமல்படுத்தத் தொடங்கியதும், கண்ணூர்ப் பக்கம் இருந்த தனியார் முதலாளிகள் பீடிக் கம்பெனிகளை மூடிவிட்டுப் போனார்கள். வேலை இழந்த தொழிலாளர்கள் அரசு உதவியோடு 1969-ல் 'தினேஷ் பீடி' கூட்டுறவைத் தொடங்கினார்கள். உச்சத்தில் 42,000 பேர் அதில் வேலை செய்தார்கள். பிறகு பீடி விற்பனை சரியத் தொடங்கியபோது அந்தக் கூட்டுறவு தேங்காய்ப்பால், உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை, கம்ப்யூட்டர் துறை வரை கால் வைத்தது. 42,000 பேருக்கும் அதே அளவு வேலையை அதனால் தர முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனா பீடி ஒருநாள் குறையும், அதற்குள் மாற்று வேலைக்கு வழி செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்த இடம் அது. அரசின் கொள்கையாக அந்த யோசனை நாடு முழுக்க வளரவில்லை.

ஆகவே, சட்டத்தால் புகை குறையுமா என்ற கேள்விக்கு இந்திய வரலாறு தெளிவாகவே பதில் சொல்கிறது. தடை, படம், வரி மூன்றும் சேர்ந்த இடத்தில் நன்றாகக் குறைந்தது. வரி விடுபட்ட இடத்தில் மெதுவாகத்தான் குறைந்தது. அந்த விடுபட்ட இடத்தில்தான் ஏழைகள் இருக்கிறார்கள், இழுப்பவராகவும் சுற்றுபவராகவும். பீடியின் வரியை ஏற்றுவதும், அதில் வரும் பணத்தை அந்தப் பெண்களின் மாற்று வேலைக்குக் கொடுப்பதும் ஒரே சட்டத்தில் வர வேண்டிய இரண்டு வரிகள். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போட்டே 50 வருஷம் ஓடிவிட்டது.

நம்ம மாநிலத்துக்கு ஒரு குறிப்போடு முடிக்கிறேன். அந்த இரண்டு ஆய்வுக்கும் நடுவில் நாடு முழுக்க எல்லா வகைப் புகையிலைப் பழக்கமும் சேர்த்து 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆனது. தமிழ்நாட்டில் 16.2-லிருந்து 20 ஆக ஏறியது. நாட்டின் சராசரியைவிட நாம் கீழே இருக்கிறோம் என்பது உண்மை. எந்தத் திசையில் போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும், இல்லையா?

உங்க ஊர்ல பீடித் தொழில் எப்படி மாறியிருக்கு, சுற்றிக்கொண்டிருந்தவர்கள் இப்போ என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள். அடுத்த பகுதியில் சந்திப்போம்.